பசுமை குன்றாத தீவனம்: கால்நடை உணவில் வைட்டமின்கள்

நமது நாட்டின் வேளாண்மைப் பொருளாதாரத்தில் கால்நடைச் செல்வத்திற்கு உள்ள இடம் யாவரும் அறிந்ததே. 2019-ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 19 கோடியே 25 இலட்சம் மாடுகளும் 11 கோடி எருமைகளும் இருந்தன. இவற்றுள் பெரும்பாலானவை ஆண்டின் பல மாதங்களில் நெல் வைக்கோல், கோதுமைத் தாள், சோளத்தட்டை, முற்றிக் காய்ந்த புல் ஆகியவற்றை உண்டே வாழ்கின்றன. பயிரிடப்படும் பரப்பில் தீவனப் பயிர்களுக்கென ஒதுக்கப்படுவது ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் மட்டுமே. பசுந்தீவனத் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பதில்லை என்று ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் 2010-களில் மதிப்பிட்டது.

தீவனப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் டன் கணக்கில் பேசுகிறோம். எவ்வளவு வைக்கோல் குறைகிறது, எவ்வளவு பிண்ணாக்கு வேண்டும் என்று கணக்கிடுகிறோம். இக்கணக்கு தேவையானதே. ஆயினும் எடையில் மிகச் சிறியதாயினும் விளைவில் மிகப் பெரியதான ஒரு குறை இதில் மறைந்து நிற்கிறது. அது உயிர்ச்சத்துக்கள் எனப்படும் வைட்டமின்களின் குறை. வயிறு நிறைய வைக்கோல் தின்ற சினைப்பசு குருட்டுக் கன்றை ஈனக்கூடும். பார்வைக்குக் கொழுத்திருக்கும் கிடேரி சினை பிடிக்காமல் நிற்கக்கூடும். இவற்றின் காரணம் பல வேளைகளில் நாள் ஒன்றுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே தேவைப்படும் ஒரு பொருள் கிடைக்காமையே ஆகும்.

தீவனத்திலிருந்தே வர வேண்டியவை

மனிதருக்குத் தேவையான எல்லா வைட்டமின்களையும் மாட்டுக்கு உணவின் வழியே அளிக்க வேண்டுவதில்லை. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் ‘பி’ தொகுதி வைட்டமின்களையும் ‘கே’ வைட்டமினையும் தாமே ஆக்கித் தருகின்றன. ‘பி12’ உருவாவதற்குத் தீவனத்தில் கோபால்ட் என்னும் தாதுப்பொருள் சிறிதளவு இருந்தால் போதுமானது. ‘சி’ வைட்டமினை மாடு தன் ஈரலிலேயே உண்டாக்கிக் கொள்கிறது. இரைப்பை இன்னும் முழு வளர்ச்சி பெறாத இளங்கன்று மட்டும் ‘பி’ வைட்டமின்களுக்குப் பாலை நம்பியிருக்கிறது.

எஞ்சியவை ‘ஏ’, ‘டி’, ‘ஈ’ ஆகிய மூன்று. இவற்றுள் ‘டி’ வைட்டமினைத் தோலின்மீது விழும் வெயிலின் துணையால் உடலே ஆக்கிக் கொள்ள முடியும். ‘ஈ’ வைட்டமின் பசுமையான இலைகளில் நிறைய உண்டு. ‘ஏ’ வைட்டமினோ செடிகளில் அந்த வடிவில் இருப்பதே இல்லை. செடிகளில் இருப்பது அதன் முன்னோடியான கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப் பொருள். மாட்டின் குடற்சுவரில் இது ‘ஏ’ வைட்டமினாக மாறுகிறது. கரோட்டினே ‘ஏ’ வைட்டமினாக உடலில் மாறுகிறது என்பதை 1930-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் தாமஸ் மூர் என்பவர் ஆய்வின் வாயிலாக நிறுவினார்.

கோதுமைத் தாள் தந்த பாடம்

தீவனத்தில் புரதமும் மாவுப்பொருளும் கொழுப்பும் சரியாக இருந்தாலே போதும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அக்கருத்தை அசைத்த ஆய்வு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1907-இல் தொடங்கியது. 16 கிடேரிகளை நான்கு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து பெற்ற தீவனம் மட்டும், மற்றொன்றுக்குக் கோதுமைச் செடியிலிருந்து பெற்றது மட்டும், மூன்றாவதற்கு ஓட்ஸ் செடியிலிருந்து பெற்றது மட்டும், நான்காவதற்கு மூன்றும் கலந்தது என்று அளிக்கப்பட்டன. வேதியியல் பகுப்பின்படி நான்கு தீவனங்களும் ஏறத்தாழ ஒரே சத்துடையவை.

விளைவோ முற்றிலும் வேறுபட்டது. மக்காச்சோளம் உண்ட பசுக்கள் மினுமினுப்புடன் வளர்ந்து வலுவான கன்றுகளை ஈன்றன. கோதுமைத் தாளும் கோதுமையும் உண்ட பசுக்களின் கன்றுகள் குறைமாதத்தில் பிறந்தன, இறந்தோ மிக மெலிந்தோ பிறந்தன, சில பார்வையற்றிருந்தன. 1911-இல் வெளியான இம்முடிவுகளின் காரணம் அப்போது விளங்கவில்லை. அந்த ஆய்வில் பங்கு கொண்ட மெக்கோலம் 1913-இல் மார்கரெட் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து, பின்னர் ‘ஏ’ வைட்டமின் என்று பெயர் பெற்ற பொருள் உணவில் இருப்பதைக் கண்டறிந்தார். மக்காச்சோளத்தின் இலையிலும் மஞ்சள் மணியிலும் இருந்து, கோதுமைத் தாளில் இல்லாதிருந்தவற்றுள் முதன்மையானது அதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று.

பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மாட்டின் முதன்மையான உலர்தீவனம் இதே கோதுமைத் தாள்தான் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வாய்வு நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும். தெற்கிலும் கிழக்கிலும் அந்த இடத்தை நெல் வைக்கோல் பெற்றிருக்கிறது. கரோட்டினைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இரண்டிலும் அது இல்லையென்றே கூறலாம்.

நிறமே அளவுகோல்

கரோட்டினின் நிறம் மஞ்சளாயினும் பசுந்தீவனத்தில் அது வெளியே தெரிவதில்லை. இலையின் பச்சையம் அதனை மறைத்து நிற்கிறது. பச்சையமும் கரோட்டினும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன, சேர்ந்தே அழிகின்றன. ஆகவே ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூரிலும் தீவனத்தின் கரோட்டின் அளவை ஓரளவு கண்ணாலேயே மதிப்பிடலாம். பச்சை நிறம் மாறாத உலர்புல்லில் கரோட்டின் உண்டு. பழுப்பேறிய புல்லில் அது சிறிதே. வெளுத்த வைக்கோலில் இல்லை.

பூக்கும் பருவத்துக்கு முன் அறுத்த குதிரைமசால், பெர்சீம் போன்ற பயறுவகைத் தீவனங்களில் உலர் எடைக் கணக்கில் ஒரு கிலோவுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் கரோட்டின் இருக்கும். செடி முற்ற முற்ற இது விரைந்து குறைகிறது. தண்டைவிட இலையில் இது பன்மடங்கு மிகுதி. எனவே விதை உதிர்ந்த பின்னர் அறுக்கப்படும் புல்லை எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் வைட்டமின் உணவாக அது பயன்படாது. மத்திய இந்தியாவின் புல்வெளிகளில் மழைக்காலம் முடிந்து நெடுநாள் கழித்துப் புல் அறுக்கும் வழக்கம் பரவலாக இருப்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

அறுத்த பின்னரும் அழிவு தொடர்கிறது. வாடும் இலையின் நொதிகள் கரோட்டினை உயிர்வளியுடன் சேரச் செய்து சிதைக்கின்றன. நேரடி வெயில் அதனை மேலும் வேகமாக அழிக்கிறது. வயலில் பரப்பிக் கடும் வெயிலில் காய்ந்த புல்லில் முதல் ஓரிரு நாட்களிலேயே கரோட்டினின் பெரும்பகுதி போய்விடுகிறது. இடையில் மழை பெய்தால் எஞ்சியதும் குறைகிறது. போரில் அடுக்கிய பின்னரும் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைவு ஏற்படுகிறது. வெப்பம் மிகுந்த கோடையில் இவ்வேகம் கூடுகிறது. கடந்த ஆண்டின் உலர்புல் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் இந்த ஆண்டின் கன்றுக்கு ‘ஏ’ வைட்டமின் தரும் என்று நம்புவதற்கில்லை.

வெயில் அழிப்பதும் ஆக்குவதும்

கரோட்டினுக்குப் பகையான அதே வெயில் வேறொரு வைட்டமினை ஆக்குகிறது. உயிருள்ள பச்சை இலையில் ‘டி’ வைட்டமின் மிகக் குறைவு. அறுத்து வாடிய இலையிலும் அதன்மேல் வளரும் நுண்பூஞ்சைகளிலும் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருள் வெயிலின் புறஊதாக் கதிர்களால் ‘டி’ வைட்டமினாக மாறுகிறது. 1920-களில் விஸ்கான்சினின் ஸ்டீன்பாக்கும் அவருடன் பணியாற்றியோரும் இருட்டில் உலர்த்திய புல்லைவிட வெயிலில் உலர்த்திய புல், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்க வல்லது என்று காட்டினர்.

ஐரோப்பாவின் நீண்ட குளிர்காலத்தில் கொட்டகைக்குள் அடைபட்டுக் கிடக்கும் மாட்டுக்கு இது பெரிய நன்மை. நமது நாட்டிலோ மேய்ச்சலுக்குச் செல்லும் கால்நடைக்கு வெயிலுக்குக் குறைவில்லை. நெருக்கமான நகரக் கொட்டில்களில் ஆண்டு முழுவதும் இருட்டில் கட்டப்பட்டிருக்கும் எருமைகளும் கன்றுகளுமே இதற்கு விலக்கு. அவற்றைக் காலையிலோ மாலையிலோ சற்று நேரம் வெளியில் கட்டுவதே எளிய தீர்வு. ஆகவே உலர்புல் தயாரிப்பில் நாம் காக்க வேண்டியது கரோட்டினை; ‘டி’ வைட்டமினுக்காக வெயிலில் புல்லை வாட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

‘ஈ’ வைட்டமினும் கரோட்டினைப் போலவே நீண்ட நேர உலர்த்தலிலும் சேமிப்பிலும் குறைவது. இது செலீனியம் என்னும் தாதுப்பொருளுடன் சேர்ந்து தசைகளைக் காக்கிறது. இரண்டும் குறைந்த இளங்கன்றுகளின் தசை வெளிறித் தளர்கிறது. பச்சை நிறத்தைக் காப்பவர் இவ்விரு வைட்டமின்களையும் ஒருசேரக் காத்தவர் ஆவார்.

ஈரலின் இருப்பும் தீவன நாட்காட்டியும்

மழைக்காலத்தில் பசும்புல் மேயும் மாடு தன் தேவைக்கு மேற்பட்ட ‘ஏ’ வைட்டமினை ஈரலில் சேமித்து வைக்கிறது. நன்றாக மேய்ந்த மாட்டின் இவ்விருப்பு பசுந்தீவனமே இல்லாத நிலையிலும் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஈடு கொடுக்கும். இளங்கன்றுகளுக்கு இருப்பு குறைவு. அது விரைவில் தீர்ந்துவிடும்.

இதனை நமது தீவன நாட்காட்டியுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மானாவாரிப் பகுதிகளில் அக்டோபர் மாதத்தோடு பசும்புல் முடிகிறது. அடுத்த மழை ஜூன் அல்லது ஜூலை மாதத்தில்தான். இடையே எட்டு மாதங்கள். ஈரலின் இருப்பு பிப்ரவரி வாக்கில் தீர்ந்துவிட்டால் மார்ச் முதல் ஜூன் வரை மாடு வைட்டமின் வறுமையில் வாழ்கிறது. மழை பொய்த்த ஆண்டில் இருப்பே சேர்வதில்லை. 1972, 1987 ஆகிய ஆண்டுகளின் பெரும் வறட்சிகளைப் போன்ற காலங்களில் வெளியூர்களிலிருந்து வரும் உலர்புல்லே கால்நடைகளின் உயிரைக் காக்கிறது. ஆயினும் அதனை மட்டும் மாதக்கணக்கில் உண்ட மாடு உயிர் பிழைத்தாலும் அடுத்த ஈற்றில் அதன் விலையைக் கொடுக்க நேரிடுகிறது. கிடைக்குமிடங்களில் கரும்புத் தோகையையோ மரத்தழையையோ உடன் அளிப்பது இதனாலேயே சிறப்புடையது.

பாசன வசதியுள்ள வடமாநிலங்களில் நிலைமை வேறு. அங்கு அக்டோபரில் விதைக்கப்படும் பெர்சீம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேவைக்கு மேல் விளைகிறது. மே, ஜூன் மாதங்களிலும் பின்னர் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பசுந்தீவனம் அரிதாகிறது. மிகுதியும் பஞ்சமும் அடுத்தடுத்த மாதங்களில் வருவதால், இங்குக் குறை விளைச்சலில் இல்லை, சேமிப்பில் இருக்கிறது.

கன்றும் பாலும்

‘ஏ’ வைட்டமின் குறையின் முதல் அறிகுறி மாலைக்கண். மங்கிய ஒளியில் கன்று தடுமாறும். தொட்டியிலும் கம்பத்திலும் முட்டிக்கொள்ளும். கண்ணில் நீர் வடியும். பின்னர்க் கழிச்சலும் சளிக்காய்ச்சலும் எளிதில் பற்றும். உடலின் உள்ளுறைச் சவ்வுகளைக் காக்கும் பொருள் இல்லாததால் நோய்க்கிருமிகளுக்கு வாயில் திறந்துவிடுகிறது என்பதே இதன் காரணம். இவ்வாறு இறக்கும் கன்று கழிச்சலால் இறந்ததாகவே கணக்கில் எழுதப்படுகிறது. சினைப்பசுக்களில் கருச்சிதைவும் நஞ்சுக்கொடி தங்குதலும் ஏற்படலாம். பொலிகாளைகளின் விந்தின் தரம் தாழ்கிறது.

தாயின் இரத்தத்திலிருந்து கருவிலுள்ள கன்றுக்கு இந்த வைட்டமின் சிறிதளவே செல்கிறது. பிறந்த கன்றுக்கு முதல் இருப்பை அளிப்பது சீம்பாலே. சினையின் கடைசி இரண்டு மாதங்களில் தாய்க்குப் பசுந்தீவனம் கிடைத்திருந்தால்தான் சீம்பாலில் அது நிறைந்திருக்கும். பால் வற்றிய மாடுதானே என்று அம்மாதங்களில் வைக்கோலை மட்டும் போடுவதும், சீம்பாலைக் கன்றுக்குக் கொடாமல் கறந்துவிடுவதும் ஒன்றோடொன்று சேர்ந்து கன்றின் உயிருக்கே உலை வைக்கின்றன.

பாலின் தரமும் இதனைச் சார்ந்ததே. பசுவின் பாலும் நெய்யும் மஞ்சளாக இருப்பது மாற்றம் பெறாத கரோட்டினால். எருமை தான் உண்ணும் கரோட்டினை ஏறத்தாழ முழுமையாக ‘ஏ’ வைட்டமினாக மாற்றிவிடுவதால் அதன் பாலும் நெய்யும் வெண்மையாக இருக்கின்றன. இரண்டிலும் வைட்டமின் அளவு தீவனத்தின் பசுமைக்கு ஏற்பக் கூடுகிறது, குறைகிறது. குழந்தைகளின் பார்வையிழப்பைத் தடுக்க ‘ஏ’ வைட்டமின் அளிக்கும் தேசியத் திட்டத்தை 1970-இல் தொடங்கிய நாடு நம்முடையது. வீட்டுக் கொட்டிலில் கட்டியுள்ள மாட்டின் தீவனம் அவ்வீட்டுக் குழந்தையின் உணவோடும் தொடர்புடையது என்பதை மறத்தல் ஆகாது.

நாளொன்றுக்கு எவ்வளவு?

கறவை மாட்டுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 110 சர்வதேச அலகு ‘ஏ’ வைட்டமின் வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. மாட்டின் உடலில் ஒரு மில்லிகிராம் கரோட்டின் ஏறத்தாழ 400 அலகுகளைத் தருகிறது. எனவே 350 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாள்தோறும் சுமார் 38,500 அலகு, அதாவது ஏறத்தாழ 100 மில்லிகிராம் கரோட்டின் தேவை. பசுமையான குதிரைமசாலிலோ பெர்சீமிலோ உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 5 கிலோ பசுந்தீவனமே இத்தேவையை நிறைவு செய்துவிடும். முற்றிய புல்லாயின் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இக்கணக்கு ஊக்கமளிப்பது. மாட்டின் முழு உணவையும் பசுந்தீவனமாக மாற்றுவது பல பகுதிகளில் இயலாத செயல். நாளைக்கு ஐந்து கிலோ என்பது இயலக்கூடிய இலக்கு. இந்த ஐந்து கிலோவை வேறெதனாலும் எளிதில் ஈடு செய்ய முடியாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மஞ்சள் மக்காச்சோளம் நீங்கலாகத் தானியங்களில் கரோட்டின் அரிது. பிண்ணாக்குகளில் இல்லையென்றே சொல்லலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறையால் வைக்கோலின் செரிமானத் தன்மையும் தழைச்சத்தும் உயர்கின்றன; கரோட்டின் உயர்வதில்லை. வைட்டமின் கலவைகளைத் தீவனத்தில் சேர்ப்பது பண்ணைகளுக்கு ஏற்ற வழி. ஓரிரு மாடுகள் வைத்துள்ள சிறு விவசாயிக்குப் பசுந்தழையே மலிவான மருந்து.

பசுமையைக் காக்கும் முறைகள்

முதலாவது, நல்ல உலர்புல். பூக்கத் தொடங்கும் பருவத்தில், பனி உலர்ந்த பின் அறுக்க வேண்டும். வெயிலில் சில மணி நேரம் வாடியதும் சிறு குவியல்களாக்கியோ, மூன்று கழிகளைக் கூம்பாகக் கட்டிய சட்டங்களின்மீது பரப்பியோ காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். காஷ்மீரில் புல்லைக் கட்டுகளாக்கி மரக்கிளைகளில் தொங்கவிடும் வழக்கம் இதே கருத்தில் அமைந்ததே. பயறுவகைத் தீவனத்தை நண்பகலில் புரட்டினால் காய்ந்த இலைகள் உதிர்ந்துவிடும். தண்டு மட்டுமே மிஞ்சும். காலை ஈரத்தில் புரட்டுவது நலம். ஈரம் 15 சதவீத அளவுக்குக் குறைந்த பின்னரே போரிட வேண்டும். ஈரத்தோடு அடுக்கிய போர் உள்ளே சூடேறிக் கரோட்டினை இழக்கிறது, பூஞ்சையும் பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த மெலிலோட்டஸ் இனத் தீவனத்தில் ‘கே’ வைட்டமினின் செயலைத் தடுக்கும் நச்சு உண்டாகி மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்த செய்திகள் 1920-களில் வட அமெரிக்காவிலிருந்து வந்தன. பஞ்சாபில் பயிராகும் ‘செஞ்சி’ இவ்வினத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது, சைலேஜ் எனப்படும் ஊறவைத்த பசுந்தீவனம். காற்றுப் புகாமல் புளிக்கச் செய்வதால் இதில் கரோட்டின் வெயிலில் உலர்த்திய புல்லைவிட நன்கு நிலைக்கிறது. பசுந்தீவனத்தை அமிலம் சேர்த்துக் காக்கும் முறையைக் கண்ட பின்லாந்து நாட்டு அறிஞர் விர்த்தானென் 1945-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நமது தேவைக்கு அமிலமும் வேண்டுவதில்லை. பால் முற்றும் பருவத்து மக்காச்சோளத்தையோ சோளத்தையோ சிறு துண்டுகளாக நறுக்கி, குழியில் அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, பாலித்தீன் விரிப்பும் மண்ணும் இட்டு மூடினால் சுமார் 45 நாட்களில் பக்குவமாகும். ஒரு கன மீட்டர் குழி 500 முதல் 600 கிலோ கொள்ளும். நாளைக்கு 8 முதல் 10 கிலோ வீதம் ஒரு மாட்டுக்கு 90 நாட்கள் அளிக்க 2 கன மீட்டர் குழி போதும்.

மூன்றாவது, மரத்தழை. ஆழ வேரூன்றிய மரம் கோடையிலும் பசுமையாக நிற்கிறது. இராஜஸ்தானில் வன்னி மரத்தின் இலையை உலர்த்திச் சேமிக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் குளிர்காலத்தில் ‘பியூல்’ மரத்தின் தழையை வெட்டிப் போடுகிறார்கள். தமிழகத்தில் அகத்தி அதே பயனைத் தருகிறது. சூபாபுல் தழையைப் பிற தீவனத்துடன் அளவாகக் கலந்தே கொடுக்க வேண்டும். அதிலுள்ள மைமோசின் மிகுந்தால் தீங்கு நேரும்.

செய்ய வேண்டுவன

1928-இல் அறிக்கை அளித்த அரச வேளாண்மைக் குழுவும், 1976-இல் அறிக்கை அளித்த தேசிய வேளாண்மைக் குழுவும் தீவனப் பற்றாக்குறையை வலியுறுத்தின. 2014-இல் தொடங்கிய தேசியக் கால்நடை இயக்கத்திலும் தீவன வளர்ச்சிக்குத் தனிப் பிரிவு உண்டு. இத்திட்டங்களைச் செயற்படுத்தும் வட்டார அலுவலர்கள் தீவனத்தை எடையால் மட்டுமன்றி, மாதத்தாலும் நிறத்தாலும் அளக்கத் தொடங்குவது நலம். ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த மாதங்களில் பசுமை அற்றுப்போகிறது, ஈரலின் இருப்பு எப்போது தீர்கிறது, அம்மாதங்களுக்கு எந்த மரம் அல்லது எந்தக் குழி உதவும் என்ற ஒரு பக்கக் குறிப்பைத் தயாரிக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கங்கள் சினை முற்றிய மாடுகளின் பட்டியலை ஏற்கெனவே வைத்திருக்குமிடங்களில் கிடைக்கும் பசுந்தீவனத்தை முதலில் அவற்றுக்கு ஒதுக்குமாறு அறிவுறுத்தலாம். வறட்சிக்கால முகாம்களுக்கு வாங்கப்படும் உலர்புல்லின் நிறத்தையும் அறுத்த பருவத்தையும் கொள்முதல் விதிகளில் சேர்க்கலாம்.

இவற்றுள் எதற்கும் பெருமுதலீடு தேவையில்லை. கிணற்றடியில் நாலைந்து சென்ட் நிலத்தில் குதிரைமசாலோ தீவனப்புல்லோ, வேலியோரத்தில் பத்து அகத்தி, கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி ஆகியவை சிறு விவசாயியின் ஆற்றலுக்கு உட்பட்டவையே. கோடையின் கடைசி மாதம் வரை கொட்டிலில் ஒரு கைப்பிடிப் பசுமை இருக்குமாயின், அடுத்து ஈனும் கன்று கண்ணொளியுடன் பிறக்கும். அதன் தாயின் பாலும் சத்து நிறைந்ததாக இருக்கும்.